காதலித்துக் கட்டிக்கொண்டவர்களுக்கு ஆலோசனை எதற்கு? நந்தனத்தில் ஒரு தம்பதியர் ஆலோசனை மையம் பற்றி

நந்தனம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு குறுக்குத் தெருவில் பிசியோதெரபி கிளினிக் ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது. கணவன் மனைவிக்கான மனநல ஆலோசனை. ஒரு அமர்வுக்கு 1,800 ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நடக்கும். லிஃப்ட் கிடையாது. எங்கள் மெடிக்கல் பாலிசியில் இந்தச் செலவு திரும்பக் கிடைக்கவில்லை. ஜிபே வாங்குகிறார்கள், ரசீது கேட்டால் தருகிறார்கள்.

பெயரை எழுதப்போவதில்லை. தன்னிடம் வந்து போகிறவர்கள் பெயர் போட்டுப் பாராட்டி எழுதுவது தனக்குப் பிடிக்காது என்று அங்கே இருக்கும் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் இதை அந்த ஒரு இடத்துக்கான சிபாரிசாகப் படிக்க வேண்டாம். இந்த மாதிரி ஒரு சேவை நம்ம ஊரில் இருக்கிறது, உள்ளே போனால் என்ன நடக்கும், யாருக்கு உதவும் என்று, சின்ன வயசிலேயே ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போய் அந்த உறவையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இந்த மாதிரி இடங்களுக்கு விவாகரத்து வரை போனவர்கள்தான் போவார்கள், காதல் கல்யாணம் செய்தவர்களுக்கு இது தேவையே இல்லை என்று நம் பக்கம் ஒரு நினைப்பு இருக்கிறது. போய்வந்த பிறகு, எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை என்று உறுதியாக நினைக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் திருவொற்றியூர். 2006இல் தேரடிப் பக்கம் இருந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகினோம். நான் ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். அவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தான். குரூப் 4 எழுதி டைப்பிஸ்ட் ஆகிவிட்டால் அரசாங்க வேலை என்று அவன் அம்மா கட்டாயப்படுத்தி அனுப்பியிருந்தார். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடும் அந்த அறையில், பக்கத்து மெஷினில் யார் என்ன பேசுகிறார்கள் என்று மாஸ்டருக்குக் கேட்காது. ஜூனியருக்கு நிமிஷத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45. நான் சீனியர் பாஸ் பண்ணினேன். அவன் ஜூனியரோடு நிறுத்திக்கொண்டான். அப்புறம் நான் பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, அவன் மணலியில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். சாதி வேறு. இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கவே வருஷக்கணக்கில் ஆனது. 2013இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். இப்போது எங்கள் பெண் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அத்தை எங்களோடுதான் இருக்கிறார். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, மேலே மொட்டை மாடி.

சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் ஷிஃப்டில் இருக்கிறான், நான் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் காலையிலிருந்து இரவு வரை, கப்பலில் வரும் இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்துறையில் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கிறேன். பால் வாங்கியாச்சா, ஃபீஸ் கட்டியாச்சா, அம்மாவுக்கு மாத்திரை இருக்கா என்று பேசுவோம். ஒரு நாள் அவனோடு வேலை செய்பவரின் மனைவியை மார்க்கெட்டில் பார்த்தேன். "அண்ணன் பாய்லர் எக்ஸாமுக்கு நல்லா படிக்கறாராமே, எங்க வீட்டுக்காரர் சொன்னார்" என்றார். பாய்லர் அட்டெண்டன்ட் முதல் வகுப்புச் சான்றிதழுக்கு அவன் மாதக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தான். நைட் ஷிஃப்டில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் படித்திருக்கிறான். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லை. எனக்கு அழுகைதான் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

என் ஆபீஸில் ஒரு அக்கா இந்த மேடத்தைப் பற்றிச் சொன்னார். அவன் உடனே ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அத்தையிடம் முதலில் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றோம். இரண்டாவது குழந்தைக்கு என்று நினைத்துக்கொண்டார். அந்த எதிர்பார்ப்போடு அவரை விட மனசு வராமல் உள்ளதைச் சொன்னேன். "பேசறதுக்கு எதுக்குடி ஆயிரத்து எண்ணூறு?" என்றார். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய், நாங்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவர் அப்படிப் பார்த்துக்கொள்ளாவிட்டால் எங்களால் போயே இருக்க முடியாது.

முதல் அமர்வில் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து, எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டார் மேடம். நாங்கள் மாறி மாறிச் சொன்னோம். அவர் எழுதிக்கொண்டாரே தவிர அறிவுரையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அன்றைக்குத் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, பழைய கதையைத் தம்பதிகள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதையே அவர் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவர் சொல்லும்போது இன்னொருவர் சிரிக்கிறாரா, இடையில் புகுந்து திருத்துகிறாரா, சலித்துக்கொள்கிறாரா என்று பார்ப்பாராம்.

அடுத்து எங்களைத் தனித்தனியாகப் பார்த்தார். இது முக்கியம். என்னிடம் தனியாகக் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல கை ஓங்கறது, மிரட்டறது, பயப்படற மாதிரி ஏதாவது இருக்காம்மா?" அப்படி ஏதாவது இருந்தால் இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் ஆலோசனையை அவர் தொடங்குவதே இல்லை. இங்கே மனசைத் திறந்து சொன்னதற்காக வீட்டுக்குப் போய் ஒருத்தி அடி வாங்கக் கூடாது என்பது காரணம். அப்படிப்பட்டவர்களுக்கு 181 மகளிர் உதவி எண்ணையும், 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் என்னென்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதையும் சொல்லி அனுப்புகிறார். தம்பதியர் ஆலோசனை என்று போர்டு வைத்திருப்பவர்கள் தனியாகக் கூப்பிட்டு இதைக் கேட்கவில்லை என்றால் அங்கே இரண்டாவது முறை போகாதீர்கள்.

மூன்றாவது அமர்வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு பேர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார். எதிரில் இருப்பவரைப் பற்றிய கேள்விகள், பார்க்காமல் பதில் எழுத வேண்டும். இப்போது அவர் விரும்பிச் சாப்பிடுவது என்ன? இந்த மாதம் அவரைக் கவலைப்பட வைத்திருப்பது எது? வேலையில் அவருக்குப் பிடிக்காத ஆள் யார்? ஐந்து வருஷம் கழித்து என்னவாக இருக்க ஆசைப்படுகிறார்? எழுதி முடித்ததும் தாளை மாற்றிக்கொண்டு படித்தோம். எனக்குப் பிடித்த சாப்பாடு என்று அவன் எழுதியிருந்தது அத்தோ. பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாக்காரர்கள் கடைகளில் கிடைக்குமே, புளித்தண்ணீரும் வறுத்த வெங்காயமும் போட்டுக் கையால் பிசைந்து தரும் நூடுல்ஸ், கூட வாழைத்தண்டு சூப். காலேஜ் நாட்களில் அதற்காகவே ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்குவேன். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை, நெஞ்செரிச்சல். அவன் சம்பள நாளன்று வாங்கி வருவான், நான் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன். எட்டு வருஷமாக இப்படியே நடக்கிறது. அவனைப் பற்றி நான் எழுதியதில் "ஐந்து வருஷம் கழித்து" என்ற கேள்விக்குப் பதில், "இப்போது இருக்கிற மாதிரியே நிம்மதியாக." அவன் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மேடத்தைப் பார்த்துச் சொன்னான்: "நான் பரீட்சைன்னா பாதியில விட்டுடற ஆளுன்னு இவ பதினேழு வயசுல பார்த்தா மேடம். பாஸ் பண்ணிட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

நான் அவனைப் பாதியில் விடுகிறவன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவனே அப்படி ஒன்றை மனசில் வைத்துக்கொண்டிருந்தான். டைப்ரைட்டிங் சீனியரை விட்ட பையனாகவே என் கண்ணுக்குத் தெரிகிறோம் என்று நம்பியிருந்தான்.

இந்த இடத்தில் மேடம் சொன்னதை என்னால் மறக்க முடியாது. "பெரியவங்க பார்த்து முடிச்ச கல்யாணத்துல ஒருத்தரை ஒருத்தர் தெரியாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதனால கேட்டுக்கிட்டே இருப்பாங்க. உங்களை மாதிரி சின்ன வயசுலேர்ந்து பழகினவங்க, எல்லாம் தெரியும்னு நினைச்சு கேக்கறதை நிறுத்திடுவீங்க. ஆனா மனுஷன் ரொம்ப மாறறது அதுக்கப்புறம்தான்." மனிதர்களின் சுபாவம் வயசோடு எப்படி மாறுகிறது என்று 92 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2006இல் வந்தது, விடலைப் பருவத்தைவிட, இருபதிலிருந்து நாற்பதுக்குள்தான் மாற்றம் அதிகம் என்று அதில் தெரிந்ததாக விளக்கினார். பொறுப்பு கூடுவது, மனசு நிதானப்படுவது எல்லாம் அந்தக் காலத்தில் நடக்கிறது. அப்படியானால் பதினேழு வயசில் நான் பார்த்துப் பழகிய ஆளும், இன்றைக்கு என் பக்கத்தில் தூங்கும் ஆளும் பாதிக்கு மேல் வேறு வேறு. அவனுக்கு நானும் அப்படித்தான்.

சின்ன வயசில் தொடங்கும் காதல் நீடிப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் நம்பிக்கை, விட்டுக்கொடுத்தல், பொறுமை என்பார்கள். எங்களுக்கு மூன்றும் தேவைக்கு மேலேயே இருந்தன. இரண்டு வீட்டு எதிர்ப்பையும் அந்த மூன்றையும் வைத்துத்தான் தாண்டி வந்தோம். எங்களிடம் இல்லாதது, புதிதாகப் பார்க்கும் ஆளிடம் கேட்பது போல ஒரு கேள்வி. வெளியே எதிரி இருக்கும்வரை இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கிறோம், அதுவே போதும் போலிருக்கிறது. எதிர்ப்பு அடங்கிய பிறகு ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்க்கும் வேலை பாக்கியிருக்கிறது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேடம் பின்பற்றும் முறைகளில் பல, அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் உருவாக்கியவை. 1986இல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் வைத்து, தம்பதிகளைப் பேசவிட்டுப் படம் பிடித்து, நாடித்துடிப்பு உட்பட எல்லாவற்றையும் அளந்தவர். தம்பதிகளுக்குள் வரும் பிரச்சினைகளில் 69 சதவீதம் தீரவே தீராதவை என்பது அவர் கண்டது. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. அவன் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதும், நான் பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்வதும் தீரப்போவதில்லை. தீராததை வைத்துக்கொண்டே எப்படிக் கேலி இல்லாமல், குத்தல் இல்லாமல் பேசுவது என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. உறவைக் கெடுக்கும் நான்கு பழக்கங்களாகக் காட்மன் சொல்பவை: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதைச் சொன்னாலும் தற்காத்துக்கொள்வது, சுவர் மாதிரி மௌனமாகிவிடுவது. நான்கிலும் ரொம்ப ஆபத்தானது இளக்காரம். அது எங்களிடம் இல்லை என்று மேடம் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுப் பிரச்சினை நாலாவது. கோபம் வந்தால் அவன் எழுந்து மாடிக்குப் போய்விடுவான். எப்போது வருவான் என்று தெரியாது. மேடம் இதை எங்கள் வீட்டு அமைப்போடு சேர்த்துப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஹாலில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது மனைவியிடம் குரல் உயர்த்தக் கூடாது என்று நினைக்கும் ஆண்பிள்ளைக்கு மாடியைத் தவிர வேறு இடம் இல்லை. அவன் போவதை அவர் தப்பென்று சொல்லவில்லை. நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் யாராலும் காது கொடுத்துக் கேட்க முடியாது, உடம்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிஷம் வேண்டும் என்றார். ஆனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும், மேலே போய் அதே சண்டையை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இப்போது "இருபது நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அந்த ஒரு வரி இருந்தால் எனக்குப் பதற்றம் இல்லை. சமையலை முடித்துவிட்டு நானே டீயோடு மேலே போய்விடும் நாட்களும் உண்டு.

மாடியைப் பற்றி இன்னொன்று. எங்கள் மாடியிலிருந்து கடல் தெரியும். எண்ணூர் துறைமுகத்துக்கு முறை வருவதற்காக நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களின் விளக்குகள் ராத்திரியில் வரிசையாகத் தெரியும். "அங்க பாரு, இன்னிக்கு அஞ்சு நிக்குது" என்பான். நாள் முழுக்கக் கப்பல் சரக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது? "ம்" என்பேன். காட்மனின் ஆய்வில் இதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் இன்னொருவர் கவனத்தை இழுக்கச் செய்யும் சின்னச் சின்ன முயற்சிகள்: "இதைப் பாரேன்," ஒரு பெருமூச்சு, ஒரு ஜோக். புதுமணத் தம்பதிகளை ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்தவர்கள் இந்த அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்கு மட்டும். அவன் கப்பலைக் காட்டியது கப்பலுக்காக இல்லை. இப்போது நானும் பார்க்கிறேன். எந்தக் கப்பல் கன்டெய்னர், எது நிலக்கரி, எது எண்ணெய் என்று உருவத்தைப் பார்த்துச் சொல்கிறேன், அவன் மேலே மேலே கேட்கிறான்.

இந்த எண்களெல்லாம் அமெரிக்கத் தம்பதிகளை வைத்து எடுத்தவை. அங்கே ஹாலில் மாமியார் தூங்குவதில்லை, ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து யாரும் களைத்துப்போவதில்லை. மேடமே இதைச் சொல்லித்தான் தொடங்கினார். அதே எச்சரிக்கையோடு நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காதவையும் உண்டு. முதல் நாள் நிரப்பச் சொன்ன படிவம் முழுக்க ஆங்கிலம். அவன் பாதியை என்னிடம் கேட்டு எழுதினான்; தன் மனசைப் பற்றித் தானே எழுத வேண்டிய தாளை மனைவியிடம் கேட்டு எழுதும்படி விடுவது சரியே இல்லை. தமிழில் அச்சடித்து வைக்க வேண்டும் என்று சொன்னேன், செய்வதாகச் சொன்னார். அன்பை ஐந்து வகையாகப் பிரித்து உங்களுக்கு எது என்று டிக் அடிக்கச் சொல்லும் வினாத்தாள் ஒன்றும் கொடுத்தார். அதனால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுப்பதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும், மாத்திரை வாங்கி வருவதும் ஒரே ஆள் ஒரே ராத்திரியில் செய்கிற காரியங்கள். அதில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

காத்திருக்கும் இடமும் சரியில்லை. கீழே இருக்கும் கிளினிக்கோடு பொதுவான வரவேற்பறை, கால் வலிக்கு வந்தவர்களுக்கு நடுவில் உட்கார வேண்டும். தெரிந்தவர் யாராவது வந்துவிட்டால் என்ன சொல்வது என்று முதல் இரண்டு முறை நெளிந்துகொண்டே இருந்தேன். முந்தின நாளுக்குள் சொல்லாமல் ரத்து செய்தால் பாதிக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். ஷிஃப்ட் திடீரென்று மாறும் ஆட்களுக்கு இது கஷ்டம். பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது வீடியோவில் பேசிப் பார்த்தோம். வீட்டுக்குள் பேச முடியாது, மாடியில் காற்று இரைச்சல், பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அம்மா வேறு. தனி அறை இல்லாதவர்கள் வீடியோ அமர்வுக்குப் பணம் கட்டாதீர்கள், நேரிலேயே போங்கள்.

வாரம் ஒருமுறை இருவர் மட்டும் வெளியே சாப்பிடப் போங்கள் என்ற யோசனையும் எங்கள் பட்ஜெட்டில் நிற்கவில்லை. அதைச் சொன்னதும் மேடம் வற்புறுத்தவில்லை, வேறு வழி சொன்னார். ஹோட்டல் முக்கியமில்லை, இருவருக்குமே புதிதான ஒன்றைச் சேர்ந்து செய்ய வேண்டும். ஆர்தர் ஆரன் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பழகிப்போன வேலையைச் செய்த தம்பதிகளைவிட, புதிய, கொஞ்சம் பரபரப்பான ஒன்றைச் சேர்ந்து செய்த தம்பதிகளுக்குத் தங்கள் உறவைப் பற்றிய திருப்தி கூடியிருந்ததாம். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பழவேற்காடு போனோம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இரண்டு பேரும் போனதே இல்லை. ஏரியில் படகுக்காரர் தூரத்தில் பூநாரைக் கூட்டத்தைக் காட்டினார். அவனுக்குப் படகு என்றால் பயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் கடலோரத்தில் இருந்தவன் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மெட்ரோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. விம்கோ நகர் வரை ரயில் வந்தது 2021 பிப்ரவரி 14ஆம் தேதி. தேரடியில் ஏறினால் மாறாமல் நந்தனம். அமர்வு முடிந்ததும் அதைப் பற்றி உடனே பேசாதீர்கள், ஒரு ராத்திரி போகட்டும் என்பது மேடத்தின் விதி. அதனால் திரும்பி வரும்போது வேறு எதையாவது பேசுவோம். பெரும்பாலும் ஐகோர்ட், மண்ணடி ஸ்டேஷன் தாண்டும்போது என் ஆபீஸ் கதை, தியாகராயா கல்லூரி ஸ்டேஷன் வந்தால் அவன் பள்ளி நண்பர்கள் கதை. டைப்ரைட்டிங் கிளாஸ் நாட்களுக்குப் பிறகு இவ்வளவு நேரம் வெட்டிப்பேச்சு பேசியது அந்த ரயிலில்தான்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். ஆலோசகர் என்று போர்டு மாட்டிக்கொள்பவர்கள் பலர் சில வாரப் பயிற்சியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் எம்.ஃபில். போன்ற தொழில்முறைப் பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். எங்கள் மேடம் சுவரிலேயே மாட்டியிருந்தார். முதல் நாளே ஒருவர் பக்கம் சாய்ந்து, "நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்று பெண்ணுக்கு மட்டும் அறிவுரை சொல்பவரிடம் திரும்பப் போகாதீர்கள். கட்டணம் முடியாதவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். மனசு தாங்காத ராத்திரியில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

என் சித்தி பெண் காலேஜ் இரண்டாம் வருஷம். அவளுக்கும் ஒரு பையன் இருக்கிறான், என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிகளையும் இந்த மேடம் பார்க்கிறார். அவளை இப்போதே அங்கே போகச் சொல்லவில்லை. படிப்பு முடியட்டும், இரண்டு பேரும் சொந்தச் சம்பளம் வாங்கட்டும். அதுவரை சில விஷயங்களைப் பேசிக்கொள்ளச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு யார் வீட்டில் இருப்பது? அவன் அம்மாவுக்கு முடியாமல் போனால் யார் லீவு போடுவது? உன் சம்பளம் யார் கணக்கில் போகும்? உனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால் வருவானா? இதெல்லாம் பேசினால் காதல் போய்விடும்க்கா என்றாள். வருஷத்துக்கு ஒருமுறை அதே கேள்விகளைத் திரும்பக் கேட்கச் சொன்னேன். பதில் மாறியிருந்தால் பயப்படாதே, மாறியது உனக்குத் தெரிந்திருக்கிறதே, அதைப் பற்றிப் பேசு என்றேன். உன் பதிலும் மாறலாம், அதையும் மறைக்காமல் அவனிடம் சொல் என்றேன். அவள் போனில் குறித்துக்கொண்டாள்.

எங்கள் தாள் இன்னும் தொடர்கிறது. நைட் ஷிஃப்ட் வாரங்களில் நேரில் பேச வாய்ப்பில்லை என்பதால், ஒரு கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி அவன் டிபன் பாக்ஸ் பையில் வைக்கிறேன். காலையில் பதிலும் அவன் கேள்வியும் வருகின்றன. போன வாரம் அவன் கேட்டிருந்தது, "அத்தோவுக்குப் பதிலா சம்பளத்தன்னிக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" பரீட்சைக்கு இப்போது ஹாலில் உட்கார்ந்தே படிக்கிறான். பெண்ணும் பக்கத்தில் ஹோம்வொர்க் செய்கிறாள்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை மாலை நேரம் கிடைக்க மூன்று வாரமாவது ஆகும், போனிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். வார நாட்களில் காலை பதினொரு மணிக்குப் பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு அது தூங்கும் நேரம், அவரைத் தூக்கக் கலக்கத்தோடு இழுத்துப் போகாதீர்கள். மாலை கிடைக்கும்வரை காத்திருங்கள். ஆங்கிலப் படிவம் இன்னும் மாறவில்லை என்றால் தமிழில் கேளுங்கள், ஒவ்வொரு கேள்வியையும் வாயால் சொல்லி மேடமே எழுதிக்கொள்வார்.